தாங்கள் அனுப்பிய அயிரை நலம்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
ஐப்பசி 7, வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, பாகூர் திரு. அருள்முருகன் அவர்களுக்கு, தணிகாசலம் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் பார்வதியும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா கண்ணகி அவர்களும், தாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் இரண்டு கறவை மாடுகளும், ஏரிக்கரை நடவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்னையில் நம் மாப்பிள்ளை பாரதியும் என் மகள் சிவசங்கரியும், அவள் வயிற்றில் ஏழாம் மாதத்தில் இருக்கும் நம் இருவருக்கும் பொதுவான அந்தச் சின்ன ஜீவனும் சௌக்கியம் என்று நேற்றுகூடப் போனில் சொன்னாள். தாங்கள் அனுப்பிய அயிரையும் நலம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆவணி மாதம் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்ன மீன் ஐப்பசியில் எப்படி ஐயா நலமாக இருக்கும் என்று தாங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனதிலிருந்து நாளொன்றுக்கு ஆறு முறை தங்கள் எண்ணுக்கு அடிக்கிறேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் மூன்று மொழியில் சொல்கிறாள். மூன்று மொழியிலும் தங்கள் கோபம்தான் எனக்குக் கேட்கிறது. வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தவர்கள் நாள் குறிக்காமலே போய்விட்டீர்கள். அன்றிலிருந்து பார்வதி என்னிடம் பேசுவதெல்லாம் "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்பது மட்டும்தான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் காதுக்கு இது போகக் கூடாது. ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள், ஆனால் போனை ஆன் செய்து திட்டுங்கள்.

நான் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கடலூர் வண்டிக்காரரும் விழுப்புரம் வண்டிக்காரரும் ஒரே இடத்துக்கு மல்லுக்கு நிற்பார்கள், நான் நடுவில் நின்று விசில் ஊதுவேன், இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். ஓய்வு பெற்ற மாதமே கொல்லையில் கொய்யா மரத்தடியில் ஒரு குளம் கட்டினேன். குளம் என்றதும் தங்கள் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கட்டிலைக் கவிழ்த்துப் போட்டால் மூடிவிடும், முழங்காலளவு தண்ணீர், அடியில் நாலு விரற்கடை ஆற்று மணல். அல்லி வைத்தேன். அழுகிவிட்டது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, தண்ணீர் யாரையும் திட்டுவதில்லை.

அப்படி இருக்கையில்தான் ஆவணியில் ஒரு நாள் காலை, தங்கள் ஊரிலிருந்து மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றி வரும் குப்பன், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு உள்ளே வந்தார். "சம்பந்தி குடுக்கச் சொன்னாரு. மதகுல புடிச்ச அயிர. உசுரோட இருக்குது, பாத்து" என்று வைத்துவிட்டுப் போனார். ஏரி அயிரை கிடைப்பது எவ்வளவு அருமை, அதைத் தான் சாப்பிடாமல் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

பார்வதி தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் போடும் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். சுறாவையே அனாயாசமாகத் துண்டு போடுவாள். ஆனால் கடல் மீன் அவள் கைக்கு வரும்போது அதன் கதை முடிந்து அரை நாளாகியிருக்கும். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். விரல் நீளத்தில் ஒன்று விர்ரென்று மேலே வந்து, வாயைத் திறந்து மூடிவிட்டு, கீழே போயிற்று.

"என்னங்க, இது என்னமோ கேக்குதுங்க" என்றாள்.

"மீன் என்ன கேக்கும்? உப்பு போட்டுத் தேய்ச்சு எடு."

"உசுரோட இருக்கிறதயா? நீங்க தேய்ச்சுக் குடுங்க, நான் மசாலா அரைச்சு வைக்கிறேன்."

நான் கல் உப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மறு கையைக் குடத்துக்குள் விட்டேன். ஒரு அயிரை வந்தது. அதற்கு வாயோரத்தில் நூல் மாதிரி மீசை உண்டு அல்லவா, அந்த மீசையால் என் சுண்டு விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுப் பார்த்தது. முப்பத்தோரு வருஷ சர்வீசில் என்னை இவ்வளவு மரியாதையாக விசாரித்தவர் யாருமில்லை, சம்பந்தி. உப்பை ஜாடியிலேயே போட்டுவிட்டேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று குடத்தைக் குளத்தில் கவிழ்த்தேன். ஒரு நொடியில் அத்தனையும் மணலுக்குள் போய்விட்டன. தண்ணீர் பழையபடி வெறும் தண்ணீராக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாங்கள் போன் செய்தீர்கள். "இன்னா சம்பந்தி, கொழம்பு எப்பிடி?" என்றீர்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் என் வாய் தானாக வேறு பாதையில் போய்விட்டது.

"அடடா, நாக்குலயே நிக்குது சம்பந்தி" என்றேன்.

"மாங்கா போட்டீங்களா?"

"போட்டோமே. ரெண்டு."

"ரெண்டா? அந்த மீனுக்கு ரெண்டு போட்டா புளிச்சிருக்குமே!"

"சின்ன மாங்கா. ஒண்ணுதான். பாதி."

"மண்சட்டிதானே?"

"மண்சட்டிதான். புதுசு."

"புதுச் சட்டியிலயா வச்சீங்க? பழகாத சட்டியில வச்சா மண்ணு வாடை வருமே!"

"பழைய சட்டிதான். எங்களுக்குப் புதுசு."

அன்று தாங்கள் போனை வைத்தபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. விஷயம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தாங்களோ பாகூர் டீக்கடையில், டவுன்காரி கையில் ஏரி மீன் குழம்பு எப்படி வந்திருக்கிறது பார் என்று பார்வதியைப் பற்றி நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த வாரமே இரண்டாவது குடம் வந்தது, கூடவே மாங்காயும். புரட்டாசியில் நாங்கள் கவுச்சி தொடமாட்டோம் என்று மூச்சு விட்டேன். புரட்டாசி முடிந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மூன்றாவது குடம் வந்தது. மூன்றும் கொய்யா மரத்தடிக்குத்தான் போயின. மாங்காயை மட்டும் ஊறுகாய் போட்டோம். அது பொய் இல்லை, அது உண்மையிலேயே நன்றாக இருந்தது.

சம்பந்தி, தாங்கள் பிறந்ததிலிருந்து அயிரையைப் பார்க்கிறவர். ஆனால் வலையிலும் சட்டியிலும் பார்ப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. முதல் பத்து நாள் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் நிழல் விழுந்தாலே மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் கடுகு மாதிரி வெளியே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். ஊறவைத்த புண்ணாக்கை உருட்டி அடியில் போட்டுவிட்டு அசையாமல் உட்காரப் பழகினேன். மெல்ல வந்தன. ஒன்று தின்றுகொண்டிருந்தால் மற்றது முட்டி மோதாது, பக்கத்தில் வயிறு படிந்து காத்திருக்கும். அது நகர்ந்ததும் இது போகும். ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டாலும் கீழே இருப்பது கோபித்துக்கொள்வதில்லை. விசில் ஊத ஆளில்லாமல் இவ்வளவு ஒழுங்காக ஒரு கூட்டம் இயங்குவதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

அடியில் வாழும் சாதுவான மீனை வளர்ப்பதில் ஒரே ஒரு கஷ்டம், அது இருப்பது வளர்ப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டு மாலா மாடியில் துணி காயப்போட வரும்போதெல்லாம் என்னைப் பார்த்திருக்கிறாள். வெறும் தண்ணீருக்கு முன்னால் ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்துகொண்டு "சாப்பிடப்பா, உனக்கும் உண்டு" என்று பேசினால் யார்தான் என்ன நினைப்பார்கள்? பார்வதியிடம் வந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணனுக்கு ரிடையர் ஆனதுல மனசு ஏதாவது..." என்று இழுத்திருக்கிறாள். மீன் இருக்கிறது என்று சொல்லலாம்தான். ஆனால் மாலாவின் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பது பாகூரில், தங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆகவே பார்வதி வேறு வழியில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது மாலா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டாள்.

அதன் பலனாக, அடுத்த வாரம் பழைய டிரைவர் நாகராஜும் இன்னும் இரண்டு பேரும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். நாகராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், வேணும்னா காலையில வந்து ரெண்டு வண்டிக்கு விசில் ஊதிட்டுப் போங்க சார், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று கண் கலங்கினார். நானும் கண் கலங்கினேன், சிரிப்பை அடக்கியதில். அதைப் பார்த்து அவர்கள் நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு போனார்கள்.

விசிலும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை கொய்யாக் கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து குளத்தையே குறி பார்த்தது. கல்லெடுக்க நேரமில்லை. ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, கடைசி வண்டியைக் கிளப்புகிற மாதிரி ஒரு ஊது ஊதினேன். மீன்கொத்தி போய்விட்டது. தெருவில் போன பால் வண்டி நின்றுவிட்டது. மாலாவின் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. எண்பத்தெட்டு வயசு, கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். அவர் பனியனும் லுங்கியுமாக, கைத்தடி இல்லாமல், வாசலில் வந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். திரும்பி உள்ளே போகத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தங்களிடம் சொன்ன ஒரு பொய்க்காக ஒரு தெருவுக்கே பைத்தியமாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றிருந்தேன். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தாங்களும் சம்பந்தியம்மாவும் பஞ்சாங்கமும் பூவும் பழமுமாகச் சொல்லாமல் வந்து நின்றீர்கள். "உள்ள புழுக்கமா இருக்குது, மரத்தடியில குந்தலாம்" என்று தாங்களே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தின் ஓரத்தில் போட்டீர்கள். எனக்குப் பயமில்லை. குளத்தில் இருக்கும் இவர்கள்தான் புது ஆள் அரவம் கேட்டால் மண்ணுக்குள் போய்விடுவார்களே. பார்வதி காபி கொண்டுவந்தாள். பஞ்சாங்கத்தைப் பிரித்தீர்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மழை வருவதற்கு முன் அயிரைக்கு என்ன ஆகும் என்று ஏரிக்கரைக்காரரான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலில் ஒன்று விர்ரென்று மேலே வந்து, காற்றை விழுங்கிவிட்டுப் போயிற்று. பிறகு மூன்று. பிறகு பத்து. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தங்களுக்கும் குளத்துக்கும் நடுவில் நின்று, துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

"இன்னா சம்பந்தி?"

"காத்து. உங்க மேல அடிக்குமேன்னு."

"குளத்துல இன்னா சத்தம், எண்ண காய்ற மாரி?"

"மோட்டார்."

"குளத்துக்குள்ளயா?"

"பழைய மோட்டார். வாங்க, உள்ள போய் கல்யாண ஆல்பம் பாக்கலாம்."

உள்ளே வந்து ஆல்பத்தில் முகூர்த்தத்தைத் தாண்டுவதற்குள் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை! மாடித் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாக நேரே குளத்தில் விழுந்து, குளம் நிரம்பி, கொல்லை நிரம்பி, பின்வாசல் படியில் வழிந்தது. ஓடும் தண்ணீரைக் கண்டதும் மூன்று குடத்து அயிரைகளும் எதிர்த்து ஏறிவிட்டன. முதல் சத்தம் சம்பந்தியம்மாவுடையது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னமோ நெளியுதுங்க!" என்று கூவினார்கள். தாங்கள் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள்.

"இது நம்ம ஏரி அயிர ஆச்சே! இங்க எப்பிடி வந்துச்சு?"

"மழையில வந்திருக்கும் சம்பந்தி."

"நெல்லித்தோப்புலயா?"

"இப்பல்லாம் பருவமே சரியில்ல."

தாங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். ஆனால் மேலே கேட்க நேரமில்லை, மீன் வழிந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னிக்க வேண்டும். தாங்கள் சேற்றில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோரிக் கோரி எடுக்க, சம்பந்தியம்மா சொம்பில் பிடிக்க, பார்வதி இட்லித் துணியைத் தண்ணீரில் விரித்து மடக்க, சத்தம் கேட்டு வந்த மாலா குடையை எறிந்துவிட்டு வாளியோடு ஓடிவர, நான் யாரும் மிதித்துவிடாமல் விசில் ஊதி வழிகாட்ட, "அந்தாண்ட போவுது, புடி புடி!" "சம்பந்தி, உங்க செருப்புக்குள்ள ஒண்ணு!" என்று ஒரே கூச்சல். மாலா வாளிக்குள் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணே, நெசமாவே மீன் இருந்துச்சா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். அந்த நிமிஷம் நான் பைத்தியத்திலிருந்து குணமானேன்.

எல்லாம் இரண்டு வாளியில் அடங்கியது. தாங்கள் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "மழயும் அதுவுமா, இன்னிக்கு சம்பந்தியம்மா கையால கொழம்பு" என்றீர்கள். பார்வதி என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன். வாளி ஓரத்தில் ஒன்று வந்து மீசையை நீட்டியது. அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கே தெரியாது. சமையலறை நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, "சம்பந்தி, இவங்கள்ல ஒருத்தரக்கூட நான் சட்டியில எறங்க விடமாட்டேன்!" என்று சத்தம் போட்டுவிட்டேனாம். சொந்தச் சம்பந்திக்கு, வீடு தேடி வந்தவருக்கு, ஒரு வாய் குழம்பு இல்லை என்று சொன்ன முதல் ஆள் புதுச்சேரியில் நானாகத்தான் இருப்பேன். தாங்கள் வாயில் துண்டை வைத்து மூடிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மழையிலேயே போய்விட்டீர்கள். சம்பந்தியம்மாவும் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனார்கள்.

இதுதான் நடந்தது. தாங்கள் அனுப்பிய மூன்று குடத்தில் ஒன்றைக்கூட நாங்கள் சமைக்கவில்லை. பாதி மாங்காயும் பொய், மண்சட்டியும் பொய். பார்வதிமேல் ஒரு குற்றமும் இல்லை, அவள் முதல் நாளே "சொல்லிடுங்க" என்றாள். தங்கள் கோபம் தீர என்ன செய்ய வேண்டுமோ சொல்லுங்கள். குளத்தையே தூர்க்கச் சொன்னாலும் தூர்த்துவிட்டு, இவர்களைக் கொண்டுவந்து தங்கள் ஏரியிலேயே விட்டுவிடுகிறேன். இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் குளத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகளின் காரியம் நிற்கக் கூடாது. இனிமேல் தயவுசெய்து மீன் மட்டும் அனுப்ப வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். குப்பனுக்கு என் அன்பு. மாடுகளைத் தடவிக்கொடுத்ததாகச் சொல்லவும். வரப்போகும் பேரப்பிள்ளை தங்கள் தைரியத்தையும் பார்வதியின் பொறுமையையும் கொண்டு, என்னிடமிருந்து எதையும் கொள்ளாமல் பிறந்து நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் தங்கள் மன்னிப்பைக் கோரும்,
தணிகாசலம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு மாப்பிள்ளை பாரதி போன் செய்தார். "மாமா, அப்பா போன் செத்துப்போச்சு. உங்க வீட்டுல மீன் புடிக்கிறப்ப சட்டப் பையிலேருந்து தண்ணியில வுழுந்துடுச்சாம். நாலு நாளா அரிசிக்குள்ள போட்டு வச்சிக்கினு பாத்துக்கினு இருக்காரு" என்றார். "கோபமா போனாரே மாப்பிள்ள?" என்றேன். "கோவமா? சம்பந்திக்கு முன்னால சிரிச்சா மரியாத இல்லன்னு வாயப் பொத்திக்கினு ஓடியாந்தாராம். பஸ்ல ஏறி கடலூர் ரோடு முழுக்க சிரிச்சாராம். கண்டக்டரு உடம்பு சரியில்லன்னு நெனச்சி தண்ணி குடுத்தாராம்" என்றார். வளைகாப்புக்குக் கார்த்திகை ஆறாம் தேதி என்று தாங்களே குறித்துவிட்டதாகவும், திங்கட்கிழமையிலிருந்து மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் மண்வெட்டியும் கையுமாகக் குழி வெட்டிக்கொண்டிருப்பதாகவும், ஏரி மீன் வேண்டாம், ஆளைக் கண்டால் பக்கத்தில் வரும்படி சம்பந்தி வளர்த்ததில் பத்து மட்டும் வேண்டும் என்று கேட்டதாகவும் சொன்னார்.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் வாழ்த்தையும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடவும். குளத்தைத் தூர்ப்பது, ஏரியில் விடுவது என்ற பேச்செல்லாம் அடித்தல் போட்டதாகக் கொள்ளவும். பத்து தர இயலாது. ஐந்து தருகிறேன், அதுவும் ஒன்றோடொன்று பழகிய ஐந்தாகப் பார்த்து. தொழுவத்துக்குப் பின்னால் என்றால் சாணித் தண்ணீர் வந்து சேரும், குழியைக் கிழக்கே தள்ளி வெட்டவும். கருங்கல் ஜல்லி போட்டீர்கள் என்றால் மீசை அறுந்துவிடும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வந்து மணலைக் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது.